மடையும் மருந்தும்: வீரவநல்லூர்த் தாய் ஒருவருக்குப் பதில்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்கு வீரவநல்லூர். என் மகளுக்கு 15 வயது. ஏழு வயதில் சர்க்கரை வந்தது. அன்றிலிருந்து இன்சுலின் போடுகிறோம். பன்னிரண்டு வயதில் போர்டில் எழுதுவது தெரியவில்லை என்றாள். கண்ணாடி போட்டும் சரியாகவில்லை. கண் நரம்பு வெளிறிப்போயிருக்கிறது என்றார்கள். போன வருஷம் மரபணு சோதனையில் வுல்ஃப்ராம் சிண்ட்ரோம் என்று வந்தது. நான் என் தாய்மாமனையே கட்டியவள். சின்ன மாமா ஒரு வீடியோ அனுப்பினார். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவும் இன்னொன்றும் தொட்டுக்கொள்ளும் இடம் கெட்டுப்போவதால்தான் இந்த நோய், அதைச் சரிசெய்ய மருந்து வந்துவிட்டது என்று அதில் சொல்கிறார்கள். வண்ணார்பேட்டையில் ஒருவர் அந்தக் கேப்ஸ்யூலை மாதம் 6,500 ரூபாய்க்குத் தருகிறார். மூன்று மாதத்தில் இன்சுலினையே நிறுத்திவிடலாம் என்கிறார். டப்பாவின் படம் இத்துடன் இருக்கிறது. வாங்கலாமா? இளையவனுக்கு 9 வயது, அவனுக்கும் வருமா? இன்னொன்று, சர்க்கரை சரியாக இருக்கும் நாளிலும் பிள்ளை ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறாள், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள்.

பதில்:

அன்புள்ள அம்மா,

வாங்க வேண்டாம். அதைவிட முக்கியம், அவர் பேச்சைக் கேட்டு இன்சுலினில் ஒரு யூனிட்கூடக் குறைக்க வேண்டாம். இந்த நோயில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்துபோகின்றன. வெளியிலிருந்து போடுவதையும் நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி, வாந்தியும் மூச்சிரைப்புமாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். உயிருக்கே ஆபத்து. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச மனம் வருகிறது.

சின்ன மாமாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடியோவில் சொன்ன அறிவியலில் உண்மை இருக்கிறது. நானே பல வருஷமாக ஆவலோடு படித்து வரும் விஷயம் அது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எது வரைக்கும் உண்மை என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு வேறொருவர் வேறொரு டப்பாவோடு வந்தாலும் நீங்களே எடைபோட்டுக்கொள்வீர்கள்.

வீரவநல்லூர்க்காரருக்கு மடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாய் வழியாக வரும் தாமிரபரணித் தண்ணீர் குளத்தில் நிற்கும். மடையைத் திறந்தால் வயலுக்குப் பாயும். நம் உடம்பின் செல்லுக்குள்ளும் அப்படி ஒரு குளம் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் எண்டோபிளாச வலை என்று போட்டிருப்பார்கள். புரதங்களை மடித்து ஒழுங்குபடுத்துவது அதன் வேலை. கால்சியத்தைத் தேக்கி வைப்பதும் அதுதான். சுற்றியிருக்கும் செல் திரவத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் கால்சியம் அதற்குள் நிற்கும். வயல் என்று மைட்டோகாண்ட்ரியாவை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டிலிருந்து செல்லுக்கு வேண்டிய சக்தியை எடுத்துக் கொடுப்பது அது. அங்கே கால்சியம் பாய்ந்தால் சக்தி உற்பத்தி வேகமெடுக்கும்.

ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் கால்சிய வாய் லேசில் திறக்காது. செல் முழுக்கப் பரவி நீர்த்துப்போன கால்சியம் அதற்குப் போதாது. அதனால்தான் குளமும் வயலும் பல இடங்களில் உரசுகிற மாதிரி நெருங்கி நிற்கின்றன. நடுவில் இருக்கும் சந்து ஏறக்குறைய 10 முதல் 30 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்தை ஆயிரக்கணக்கான கூறுகளாகப் பிளந்து அதில் ஒரு கூறை எடுத்தால் வரும் அளவு. குளத்துப் பக்கம் கதவாக ஐபி3 ரிசெப்டார், வயல் பக்கம் கதவாக விடாக், இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள ஜிஆர்பி75 என்று அந்தச் சந்தில் புரதங்கள் நிற்கின்றன. கதவு திறந்ததும் அந்தக் குறுகலான இடத்தில் மட்டும் கால்சியம் குப்பென்று ஏறும், மைட்டோகாண்ட்ரியா வாங்கிக்கொள்ளும். 1998-ல் ரிசூட்டோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே 1990-ல் ஜீன் வான்ஸ், எலியின் கல்லீரலிலிருந்து இந்த ஒட்டுமிடத்தைத் தனியே பிரித்தெடுத்து, செல் சவ்வுக்கான கொழுப்புகள் அங்கே உருவாவதைக் கண்டிருந்தார். இரண்டும் ஒட்டி நிற்பது 1950-களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்ணில் பட்டதுதான். அந்த நெருக்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது என்று தெரிய இத்தனை காலம் பிடித்தது.

பிசானத்து நெல்லுக்குத் தண்ணீர் போதாவிட்டால் காயும், தேங்கி நின்றால் அழுகும். இங்கேயும் அப்படித்தான். கால்சியம் குறைந்தால் செல் சக்தியில்லாமல் சோர்ந்துபோகும். அளவுக்கு மிஞ்சி ஏறினால் மைட்டோகாண்ட்ரியா உப்பிக் கிழிந்து, அந்தச் செல்லே சாகும். மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு இருக்கும் சிரமம் முழுவதும் இந்த அளவில்தான் இருக்கிறது.

பிள்ளையின் நோய்க்கு வருகிறேன். 1938-ல் வுல்ஃப்ராம், வாக்னர் என்ற இரண்டு மருத்துவர்கள், சர்க்கரையும் பார்வை நரம்பு நலிவும் சேர்ந்து வந்த உடன்பிறந்தவர்கள் நால்வரைப் பற்றி எழுதினார்கள். காரணமான டபிள்யூஎஃப்எஸ்1 மரபணு 1998-ல் கிடைத்தது. அதிலிருந்து உண்டாகும் வுல்ஃப்ராமின் என்ற புரதம் எண்டோபிளாச வலையின் சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. நம் கணக்கில் குளத்தின் கரை. 2018-ல் பிரான்ஸில் இந்த நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த செல்களைப் பார்த்தார்கள். ஒட்டுமிடங்கள் குறைந்திருந்தன, மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் கால்சியமும் குறைந்திருந்தது. 2022-ல் இன்னொரு ஆய்வு வந்தது. ஒட்டுமிடத்திலேயே காவல் நிற்கும் சிக்மா-1 ரிசெப்டார் என்ற புரதத்தை ஒரு வேதிப்பொருளால் தூண்டிவிட்டபோது, வுல்ஃப்ராமின் இல்லாத மீன்களுக்கும் சுண்டெலிகளுக்கும் இருந்த குறைகள் தணிந்தன. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் பார்த்த இந்தப் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. வீடியோ எடுத்தவருக்கும் அதே சந்தோஷம் இருந்திருக்கலாம்.

ஆனால் அது மீனிலும் எலியிலும் கண்டது. மனிதர்களிடம் வரும்போது இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன.

ஒன்று, எந்தப் பக்கம் திருப்புவது என்பது. 2014-ல் ஓர் ஆய்வுக்குழு, பருத்த எலிகளின் கல்லீரலில் இந்த ஒட்டுமிடங்கள் அதிகமாகிவிட்டன, அதனால்தான் இன்சுலின் வேலை செய்யவில்லை என்று எழுதியது. அதே 2014-ல் இன்னொரு குழு, இன்சுலின் வேலை செய்யாத கல்லீரலில் ஒட்டுமிடங்கள் குலைந்துபோயிருக்கின்றன என்று எழுதியது. இரண்டு பேரும் கவனமாக வேலை செய்கிறவர்கள்தான். அல்சைமர் நோயாளிகளின் செல்களில் ஒட்டு கூடுதல் என்கிறார்கள். ஏஎல்எஸ் என்ற நரம்புச் சிதைவு நோயில், இரண்டையும் கட்டி நிறுத்தும் கயிறு போன்ற விஏபிபி புரதம் கெட்டால் ஒட்டு தளர்கிறது என்கிறார்கள். ஆக, வாயில் போடும் ஒரு மாத்திரை உடம்பின் எல்லாச் செல்லுக்கும் போய் எல்லா மடையையும் ஒரே மாதிரி திறந்துவிட்டால், கண் நரம்புக்கு நல்லதாகவும் கல்லீரலுக்குக் கெடுதலாகவும் முடியலாம். எந்த வயலுக்கு எவ்வளவு என்று பார்த்துத் திறக்கிற நீர்பாய்ச்சி மாதிரியான மருந்து வேண்டும். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தடையைக் கேப்ஸ்யூல் விற்பவரிடம் நீங்களே கேட்கலாம். "என் மகளுக்கு அந்த இடம் சரியாகிவிட்டது என்று எந்த டெஸ்டில் தெரியும்?" அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. ரத்தத்திலோ ஸ்கேனிலோ அந்த 10 நானோமீட்டர் தெரியாது. ஆய்வகத்தில் செல்லை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துத்தான் பார்க்க முடியும். அளந்து பார்க்க முடியாத ஒன்றைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி ஒருவர் மாதாமாதம் காசு வாங்கும்போது, அவர் தோற்க வழியே இல்லை. தோற்பது உங்கள் வீடுதான்.

டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் சரக்கு டட்கா. பித்தநீரில் உள்ள அமிலம் ஒன்று, டாரின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்தது. இதன் உறவான அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலத்தை ஒருவகைக் கல்லீரல் நோய்க்கு நாங்களே எழுதிக் கொடுப்போம். அடுத்தது கோ-கியூ 10, மைட்டோகாண்ட்ரியாவில் இயல்பாகவே இருக்கும் ஒரு பொருள். ஓரத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. படத்தில் பாதிதான் விழுந்திருக்கிறது. கையில் டப்பா கிடைத்தால் பையனை விட்டு முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதற்கு அர்த்தம். மருந்தாக அல்லாமல் சத்துத் துணையுணவாக (சப்ளிமென்ட்) விற்கும் எதிலும் அந்த வரியை அச்சிட வேண்டும் என்பது சட்டம். கடைக்காரர் வாயால் சொல்வதை டப்பாவே மறுக்கிறது.

டட்காவின் கதையை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டட்காவோடு சோடியம் ஃபீனைல்பியூட்டிரேட் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்து ஏஎம்எக்ஸ்0035 என்று ஒரு மருந்து செய்தார்கள். எண்டோபிளாச வலையின் நெருக்கடியையும் மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறையும் ஒரே சமயத்தில் தணிப்பது என்பதுதான் எண்ணம். ஏஎல்எஸ் நோயாளிகள் 137 பேரிடம் நடந்த ஆய்வில் நோய் மெதுவாவது போலத் தெரிந்தது. 2022-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பி இருந்தன. அப்புறம் 664 பேரிடம் பெரிய ஆய்வு நடந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மருந்தே இல்லாத வெறும் பொடி சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2024 ஏப்ரலில் கம்பெனியே மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. சரியான சேர்மானம், சரியான அளவு, முறையான ஆய்வு, இவ்வளவும் இருந்தே இப்படி ஆனது. வண்ணார்பேட்டைக் கேப்ஸ்யூலுக்குப் பின்னால் இவற்றில் ஒன்றும் இல்லை.

அதே மருந்தை வுல்ஃப்ராம் நோயாளிகளிடமும் சோதித்தார்கள். 12 பேர் மட்டும், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பொடி சாப்பிட்ட குழு இல்லை. இன்சுலின் சுரப்பில் கொஞ்சம் நல்ல அறிகுறி தெரிந்தது என்று 2024-ல் அறிவித்தார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் 137 பேருக்குப் பிறகு 664 பேர் என்ன சொன்னார்கள் என்பதைப் பார்த்தவன், 12 பேரை வைத்து உங்கள் பிள்ளைக்கு ஆசை காட்ட மாட்டேன். டான்ட்ரோலின் என்ற மருந்தையும் அமெரிக்காவில் பார்த்தார்கள். எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியம் ஒழுகுவதை அடைப்பது அது. பாதுகாப்பாக இருந்தது, இன்சுலின் சுரப்பு சொல்லும்படி கூடவில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட்டும் இங்கிலாந்தில் ஆய்வில் இருந்தது. யாராவது சொன்னார்கள் என்று அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு அது யோசித்துத் தர வேண்டிய மருந்து. அதைச் சாப்பிட்டு வரும்போது கர்ப்பமானால் கருவைப் பாதிக்கும்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். கேப்ஸ்யூலைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

சில வருஷங்களுக்கு முன் இதே நோயோடு ஒரு பையன் வந்தான். ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். புத்தகப் பையில் நாலு ஒரு லிட்டர் பாட்டில், அதிலும் மூன்று காலி. ஒரு மருத்துவமனையில் அவனுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி பாட்டிலை வார்டன் வாங்கி வைத்துக்கொண்டதால் குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்திருக்கிறான். வந்தபோது நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது, பேச்சு குழறியது. நானும் முதல் நாள் முழுக்கச் சர்க்கரையை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மறுநாள்தான் பார்த்தேன். அந்த ஒரு நாள் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இந்த நோயில் சர்க்கரை அல்லாத இன்னொரு நீரிழிவும் வரும். சிறுநீரைச் சுருக்கச் சொல்லி மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் குறைந்துபோவதுதான் அது. டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற பழைய பெயரைக் கேட்டதும் இதையும் சர்க்கரை என்று நினைத்து மருத்துவமனைகளிலேயே தவறு நடந்ததால், 2022-ல் பெயரை வாசோபிரசின் குறைபாடு என்று மாற்றினார்கள். உங்கள் பிள்ளைக்கு இது இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. இதற்கு டெஸ்மோபிரசின் என்ற நல்ல மருந்து இருக்கிறது. சரியாகக் கொடுத்தால் ராத்திரி தூங்குவாள். காலைச் சிறுநீரின் அடர்த்தியையும் ரத்த சோடியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்காமல் நிறுத்திப் பார்க்கும் சோதனையை வீட்டில் ஒருநாளும் செய்யாதீர்கள். அது மருத்துவமனையில் ஆள் பக்கத்தில் இருந்து செய்வது. அதுவரை கேட்கிற தண்ணீரைக் கொடுங்கள். ஆச்சியோ அத்தையோ "எதுக்கு இவ்வளவு தண்ணி" என்று திட்டினால் நிறுத்தச் சொல்லுங்கள். மருந்து ஆரம்பித்த பிறகு கதை வேறு. அப்போது தாகத்துக்கு மட்டும் குடிக்க வேண்டும், பழக்கத்தில் குடித்துக்கொண்டே இருந்தால் சோடியம் இறங்கிவிடும்.

கூடவே சிறுநீர்ப்பையையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்குப் பை தளர்ந்து, போனாலும் முழுசாகக் காலியாகாமல் போகும். அதை விட்டால் கிட்னிக்குக் கேடு. இந்த நோயில் காதும் மந்தமாகலாம், அதனால் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை வருஷத்துக்கு ஒருமுறை. காய்ச்சல் என்று எங்கே போனாலும், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற காதைக் கெடுக்கும் ஊசிகளை வேறு வழியிருந்தால் தவிர்க்கச் சொல்லுங்கள். சி-பெப்டைட் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பிள்ளையின் கணையத்தில் இன்னும் எவ்வளவு சுரப்பு மிச்சம் என்று காட்டும். நாளைக்கு நிஜமாகவே ஒரு மருந்து ஆய்வு நம் நாட்டுக்கு வந்தால், இந்தக் குறிப்புகளையெல்லாம்தான் முதலில் கேட்பார்கள்.

தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களிடமும் உங்கள் வீட்டுக்காரரிடமும் இந்த மரபணுவின் ஒரு நல்ல பிரதியும் ஒரு கெட்ட பிரதியும் இருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கெட்டதும் சேர்ந்து வருவது 4-க்கு 1. ஒன்பது வயது வரை அவனுக்குச் சர்க்கரை வரவில்லை என்பது நல்ல சேதி. வாய்ப்பு குறைகிறது, அறவே போய்விடவில்லை. அக்காவின் சோதனை அறிக்கையில் எந்த இடத்தில் பிழை என்று எழுதியிருக்கும். அந்த ஓர் இடத்தை மட்டும் அவனுக்குப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அவனுக்கு நோய் இல்லை என்று வந்தாலும், ஒரு கெட்ட பிரதியைச் சுமப்பவனாக இருக்க 3-க்கு 2 வாய்ப்பு. அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வளர்ந்த பிறகு சொந்தத்தில் பெண் எடுக்கும் பேச்சு வந்தால், அந்தப் பெண்ணுக்கும் சோதனை பார்த்துவிட்டுத்தான் வெற்றிலைபாக்கு மாற்ற வேண்டும்.

தாய்மாமனைக் கட்டியதை நீங்களே எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் உங்கள் மனசு தெரிந்தது. மாமனும் மருமகளும் மரபணுவில் நாலில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றவர்கள். அதனால் ஒரே கெட்ட பிரதி இரண்டு பேரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கத்தில் எத்தனை தலைமுறையாக நடந்துவரும் கல்யாணம் அது. உங்களுக்கு 18, 20 வயதில் பெரியவர்கள் முடிவு பண்ணியிருப்பார்கள். இந்த மரபணு உங்களிடம் இருப்பது யாருக்கும் தெரியாது. யாராவது குத்திக்காட்டினால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள்.

பார்வை இன்னும் மங்குவதற்கு முன்பே பிள்ளையின் படிப்புக்கு வழி செய்துவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்க அது வேண்டும். போனில் எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதியை இப்போதே பழக்குங்கள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி நூறாண்டுக்கு மேலாக நடக்கிறது. அங்கே ஒருமுறை பிள்ளையைக் கூட்டிப் போய், அவள் வயதுப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று காட்டுங்கள். சேர்ப்பதற்காக அல்ல, பயம் தெளிவதற்கு. இந்த நோயில் மனச்சோர்வும் வரும். திடீரென்று பேச்சைக் குறைத்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, வயசுக் கோளாறு என்று விடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாளைக் காலையிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். எத்தனை லிட்டர் குடித்தாள், எத்தனை லிட்டர் போனாள், ராத்திரி எத்தனை தடவை எழுந்தாள், அந்தந்த நேரத்தில் சர்க்கரை எவ்வளவு. அளக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே போதும். நாலாம் நாள் அந்த நோட்டோடும் மரபணு அறிக்கையோடும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ, இப்போது இன்சுலின் எழுதித் தரும் டாக்டரிடமோ போங்கள். இடையில் பிள்ளைக்கு வாந்தி வந்தாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ நாலாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையின் இன்றைய எடையை எழுதி ஆரம்பியுங்கள்.